வாண்டுக்குக் குரல் கொடுத்தவர்

ஓசை இல்லாமல் ஒரு வாய் அசைந்தால் அவருக்குப் பொறுக்காது. அது யாருடைய வாயாக இருந்தாலும் சரி. ஒலியைக் குறைத்து வைத்த தொலைக்காட்சியில் ஓட்டுக் கேட்கிற வேட்பாளருக்கும், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனில் பேசுகிற வங்கி மேலாளருக்கும் உடனே குரல் கொடுத்துவிடுவார். கரமனை ஆற்றுப் படித்துறையில் பொரி போட்டால் மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வரும். "தள்ளுடீ, நேத்தும் நீதானே தின்னே" என்று ஒரு மீன் சொல்லும். "நானா? நான் இன்னிக்கு ஷஷ்டி விரதமாக்கும்" என்று இன்னொரு மீன் பதில் சொல்லும். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருப்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். மீனின் வாயையே கவனித்துக்கொண்டிருப்பார், வசனம் முடிகிற இடத்தில் வாய் மூடுகிறதா என்று.

அவரை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். பேச்சுப் பயிற்சிக்கு என் மகன் குட்டனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டுக் கிழக்கேகோட்டையிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற பஸ்ஸில் ஒரு கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு கண்ணாடிகளையும் தாண்டி எதுவும் கேட்கவில்லை. என் பின் இருக்கையிலிருந்து ஓர் ஆண்குரல், "குடையை எங்க வெச்சே?" என்றது. ஒரு பெண்குரல், "உங்க தலையில வெச்சேன், தேடிப் பாருங்கோ" என்றது. அந்தக் கணவன் அதே நேரத்தில் தன் தலையைத் தடவிக்கொண்டான். நான் சிரித்துவிட்டேன். மடியிலிருந்த குட்டன் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தான்.

அப்போது குட்டனுக்கு நாலு வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஒரு வார்த்தை பேசியதில்லை. பசித்தால் என் கையைப் பிடித்து அடுப்பங்கரைக்கு இழுப்பான், அவ்வளவுதான். 'அம்மா' என்று அவன் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவன் ஒரு குரலுக்குத் திரும்பினான். நானும் திரும்பினேன். பின்னால் ஆணும் இல்லை, தம்பதியும் இல்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒல்லியான பெண்ணொருவர், கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு, வெயில் காலத்தில், ஜன்னலை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் நிறுத்தத்திலேயே அவரும் இறங்கினார். எங்கள் தெருவிலேயே நடந்தார். கடைசியில் பார்த்தால், அந்த வாரம் நாங்கள் குடிவந்திருந்த வீட்டின் மறுபாதியில் இருப்பவர் அவர்தான். இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு கதவு. அதை யாரும் தாழ்போடுவதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

தெருவில் அவரை 'டப்பிங் மாமி' என்பார்கள். நான் அக்கா என்று கூப்பிட்டேன். பெயரை இங்கே எழுதவில்லை. படங்களிலும் அவர் பெயரைப் போட்டதில்லை. தைக்காட்டில் ஒரு மாடியறை, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியது, அங்கேதான் வேலை. வெளிநாட்டுப் பிள்ளைகள் படங்களைத் தமிழுக்கும் மலையாளத்துக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். "நாயகி குரல் எனக்கு வராது, கேட்டயோ. நாய், பூனை, அழற கொழந்தே, இதெல்லாம்னா கூப்பிடுவா" என்பார். சொந்தக் குரல் சற்றுக் கட்டையானது. அதில் அவர் அதிகம் பேசமாட்டார். பால்காரரிடம் ஒரு குரல், மின்வாரியத்துக்குப் போன் போட ஒரு குரல் என்று மாற்றிக்கொண்டே இருப்பார். காலையும் மாலையும் சுக்குத் தண்ணீர். ஐஸ்கிரீம் சாப்பிட்டுப் பதினேழு பதினெட்டு வருஷம் ஆகியிருக்கும் என்றார். ஏதோ சன்னியாசம் வாங்கிக்கொண்டதைப்போல அதைச் சொன்னார்.

குட்டனுக்கு ஒரு படம் பிடிக்கும். அது ஒன்றுதான் பிடிக்கும். கடற்கரை வீடொன்றில் அத்தையின் கல்யாணத்துக்காகக் குடும்பமே கூடியிருக்கிறது. பெரியவர்கள் பூவுக்கும் கேக்குக்கும் அடித்துக்கொள்கிற நேரத்தில், மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் முழங்கால் உயர வேற்றுக்கிரகவாசிகள் நாலு பேர் வந்து விழுகிறார்கள். பூமியைப் பிடிக்க வந்தவர்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களிடம் சொல்லவில்லை, சொன்னால் நம்பப்போவதில்லை என்று. சோப்புத் தண்ணீரையும் உருளைக்கிழங்கையும் தோட்டத்துக் குழாயையும் வைத்துத் தாங்களே சமாளிக்கிறார்கள். கடைசியில் வேற்றுக்கிரகத் தலைவன் கல்யாணக் கேக்குக்குள் மாட்டிக்கொள்கிறான். கல்யாணம் நல்லபடியாக நடக்கிறது. பூமி பிழைத்த விஷயம் பெரியவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

பிள்ளைகளில் கடைசிப் பையனுக்குத் தமிழில் 'வாண்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அடுப்பங்கரை வாசலில் குழம்புக் கரண்டியோடு நின்று, உள்ளே வரப்பார்க்கிற தலைவனை மறித்துக் கேட்பான்: "யாரைக் கேட்டு உள்ள வந்தே? செருப்பைக் கழட்டிட்டு வா." தலைவன் தன் காலைக் குனிந்து பார்ப்பான். அந்த இடம் வந்தால் குட்டன் எங்கள் வீட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் நிற்பான்.

ஒருநாள் அக்கா நடுக்கதவைத் திறந்துகொண்டு வந்து, படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அட, இது நானாக்கும்" என்றார்.

"எது அக்கா?"

"வாண்டு. அந்த நாயும் நான்தான். கேக் கொண்டுவரா பாரு, அவளும். தலைவனும் நான்தான்."

"அப்ப இந்தச் சண்டை?"

"நானே என்னை வைதேன், நானே பயந்தேன். பின்னே என்ன பண்ண, அன்னிக்கு வேற ஆளே வரல்லே."

செருப்பைப் பற்றி மூல வசனத்தில் இல்லையாம். எழுதித் தந்தது 'வெளியே போ' என்பதுதான். "ஆனா அவன் கீழே பார்க்கறானே. எதுக்குப் பார்க்கறான்? ஒரு காரணம் வேண்டாமா? வாண்டு வாயும் இன்னும் அசைஞ்சுண்டு இருக்கு. அப்படியே விட்டுட முடியுமோ?" என்றார்.

குட்டன் எங்கள் பேச்சைக் கவனிக்கவில்லை. அவர் வாண்டின் குரலில் ஒருமுறை "யாரைக் கேட்டு உள்ள வந்தே?" என்றார். குட்டன் கரண்டியைக் கீழே போட்டான். அவர் அருகே வந்து, முகத்தை அண்ணாந்து, அவர் வாயைப் பார்த்தான். என் முகத்தை அவன் அப்படிப் பார்த்ததில்லை.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் முதல் நாளே, பிள்ளைக்குக் குழப்பம் இல்லாமல் வீட்டில் எளிமையாகப் பேசுங்கள் என்றார். நாங்கள் வீட்டுக்கு வந்து கூடிப் பேசினோம். தெருவில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் மலையாளமும் ஆங்கிலமும், அப்படியென்றால் குழப்பம் செய்வது தமிழ்தான் என்று முடிவானது. மாமனாருக்கு ஆரியசாலையில் மிளகாய், மஞ்சள் மொத்த வியாபாரம். கடையில் ஒரு நாளில் நாலு மொழி பேசுகிறவர் அவர். அவரே, "பிள்ளை பேசட்டும்மா, எந்த மொழியா இருந்தா என்ன" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து குட்டனிடம் நான் மலையாளம் பேசினேன். திருநெல்வேலியில் பிறந்து கல்யாணமாகி வந்தவளுக்குத் தெரிந்த மலையாளம். 'மகனே, வா, சாப்பிடு' என்பதை 'மோனே, வா, கழிக்கு' என்று செய்தி வாசிப்பதுபோலச் சொல்வேன். அவன் தன் கையை எடுத்து என் வாயைப் பொத்துவான். சேட்டை என்று நினைத்தேன். அந்தப் பயிற்சிப் பெண்ணே சில மாதம் கழித்து விஷயம் தெரிந்து தலையில் கைவைத்துக்கொண்டார். "சேச்சி, நான் அப்படியா சொன்னேன்? உங்களுக்கு வருகிற பாஷையில் பேசுங்கள்" என்றார். திரும்பத் தமிழுக்கு வந்தேன். ஆனால் அதற்குள் எனக்கு ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள் சரிபார்த்துவிட்டுப் பேசுகிற வழக்கம் வந்துவிட்டது. இன்னும் போகவில்லை.

அக்காவுக்கு அந்தத் தயக்கமே கிடையாது. ஒரு காலையில் குட்டனுக்குத் தோசை ஊட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னாலிருந்து வாண்டின் குரல் வந்தது. "அம்மா, தோசை போதும். சர்க்கரை மட்டும் தா."

கை அப்படியே நின்றுவிட்டது. அவன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் குரல் அவன் வயதுக்குச் சரியாக இருந்தது, 'அம்மா' என்றது. சர்க்கரையை எடுத்துக் கொடுத்தேன். அவன் வாங்கித் தின்றான். அதைத்தான் அவன் கேட்டிருக்கவேண்டும்.

"உதடு அசைஞ்சுது. அதான்" என்றார் அக்கா. மன்னிப்புக் கேட்கிற தொனி.

பிறகு அது தினமும் நடந்தது. "அம்மா, இந்தச் சட்டை குத்தறது." "அம்மா, அப்பா எப்ப வருவா?" பெரும்பாலும் சரியாக இருக்கும். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் கழுத்துப் பட்டியில் நூல் துருத்திக்கொண்டிருக்கும். நானும் பதில் சொல்லத் தொடங்கினேன். வேலைக்கு நடுவில், திரும்பிப் பார்க்காமல், "இதோ வாரேன்டா கண்ணு" என்பேன். அந்தக் குரல் ஒரு நாள் வராவிட்டால் நடுக்கதவைப் பார்ப்பேன். விழிஞ்ஞம் துறைமுகத்து அலுவலகத்தில் என் கணவருக்கு வேலை. விடுமுறை நாளொன்றில் வீட்டிலிருந்தபோது இதைப் பார்த்துவிட்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"அது அவன் குரல் இல்ல. தெரியும்லா ஒனக்கு?"

"தெரியும்."

"பின்ன நீ ஏன் பதில் சொல்லுத?"



அடுத்த மாதம் மாமனார் வந்தார். குட்டன் நடுக்கதவில் சாய்ந்து நின்றுகொண்டு அவர் கொண்டுவந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதி திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் அவனைப் பார்த்தபடி அக்கா நிற்பது அவருக்குத் தெரியாது. குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "தாத்தா, வாங்கோ" என்று குரல் வந்தது.

அவர் நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது. "கேட்டியாம்மா? என்னைத் தாத்தாங்கான்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்துக் கடைக்குப் பேசிவிட்டார். அவர் போன் பேசினால் தெருவுக்கே கேட்கும். "பேசிட்டாம்ல. பேரன் பேசிட்டான். எல்லாருக்கும் லட்டு வாங்கிக் குடு" என்றார். பிறகு குட்டனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு ராசா" என்றார். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குட்டன் அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை. நான்தான் சொல்லவேண்டியிருந்தது. கேட்டுவிட்டுக் குட்டனின் கையைப் பொத்தானிலிருந்து எடுத்தார். "இதுக்குள்ள லட்டு குடுத்திருப்பான்" என்றார். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்று மாலை அக்காவிடம் போய்ச் சொன்னேன். "இனி வேண்டாம்க்கா. அவனுக்குப் பதிலா வேற ஆள் பேசினா அவன் பேசமாட்டான்னு பயிற்சி குடுக்கிற பொண்ணும் சொல்லுது."

அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "அவன் தாத்தாவைக் கண்டதும் உதடு அசைஞ்சுது. நெஜமாக்கும். நான் கண்டேன்."

"நான் பார்க்கலையேக்கா."

"நீ பையைப் பார்த்துண்டிருந்தே."

அது உண்மை. அவன் பையைத் தட்டிவிடுவானோ என்று பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் உதடு அசைந்ததா, இல்லையா? அசைந்திருந்தால் அது 'தாத்தா'தானா? அதைப் பார்த்த ஒரே ஆள் அக்கா. அவருக்கோ மீனின் வாயசைவும் பேச்சுத்தான். இதற்கு மேல் யோசித்தால் எனக்குத் தலை வலிக்கும். ஆனாலும் யோசிப்பேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. குட்டன் எதிரில் வந்தால் மப்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார். கண் மட்டும் அவன் உதட்டிலேயே இருக்கும். ஒரு தடவை பொறுக்கமுடியாமல் எங்கள் வாசலில் நின்ற பூனைக்குக் குரல் கொடுத்தார். "நான் ஒண்ணும் சொல்லல்லே, எனக்குத் தடை போட்டிருக்கா" என்றது பூனை. நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அவருக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது அந்தச் சமயத்தில்தான். தைக்காட்டு அறையில் இப்போது கணினியே பேசிவிடுகிறது என்றார். ஆணோ பெண்ணோ குழந்தையோ, எது வேண்டுமானாலும், தொண்டை கட்டாமல். எனக்கு அது பெரிதாகப் படவில்லை, ஒரு பிற்பகலில் குட்டன் படத்தைப் போடும்வரை.

படம் அதேதான். கடற்கரை வீடு, தண்ணீர்த் தொட்டி, நாய். நாய் குரைத்தபோதே குட்டன் எழுந்து நின்றுவிட்டான். வாண்டு கரண்டியோடு வாசலுக்கு வந்து, தெளிவான, அழகான, யாருடையதும் அல்லாத ஒரு குரலில், "வெளியே போ" என்றான். அதற்கு மேலும் அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது. தலைவன் காரணம் இல்லாமல் தன் காலைக் குனிந்து பார்த்தான்.

குட்டன் திரைக்குப் போய் வாண்டின் வாயைக் கையால் பொத்தினான். வாண்டு நகர்ந்தால் கையும் நகர்ந்தது. தொலைக்காட்சிக்குப் பின்னால் போய்த் தேடினான். பிறகு அழத் தொடங்கினான். அவன் அழுகைக்கு ஓசை உண்டு. தெரு முழுக்கக் கேட்கிற அழுகை. நான் செயலியில் பழைய குரல் எங்கேயாவது இருக்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்தேன். தமிழ் என்று ஒன்றுதான் இருந்தது. அது புதியது.

அவன் நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு போனான். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துவந்து தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரவைத்தான். அடுப்பங்கரைக்கு என்னை இழுப்பது போலவே.

அவர் என்னைப் பார்த்தார். "பேசட்டுமா?" என்று சொந்தக் குரலில் கேட்டார். அது ஏற்கெனவே கரகரத்திருந்தது. நான் ஒலியை முழுக்க நிறுத்தினேன்.

அன்றைக்கு அந்தப் படம் முழுவதையும் அவர் ஒருவரே பேசினார். வாண்டு, அவன் அக்கா, அண்ணன்கள், கல்யாணப் பெண், மாப்பிள்ளை, பாதிரியார், நாலு வேற்றுக்கிரகவாசிகள், நாய், அலை, தண்ணீர்க் குழாய். உருளைக்கிழங்கு தலையில் விழுகிற ஓசை வரைக்கும். தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தவில்லை, நிறுத்தினால் ஒரு வாய் சும்மா அசைந்துவிடும். "செருப்பைக் கழட்டிட்டு வா" என்றபோது குட்டன் கரண்டியோடு அவர் பக்கத்தில் நின்றான். திரையைப் பார்க்கவே இல்லை. கேக் காட்சிக்கு வந்தபோது தலைவனின் குரல் உடைந்து காற்றுத்தான் வந்தது. அவர் இருமிவிட்டுத் தொடர்ந்தார். கல்யாணம் நடந்தது. குட்டன் அவர் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனான்.

குரல் அதற்குப் பிறகு சரியாகவில்லை. குரல் நாணில் வளர்ச்சி இருக்கிறது, ஒரு வார்த்தையும் பேசக்கூடாது, அறுவை செய்யவேண்டும் என்றார் மருத்துவர். அன்றைக்குப் பேசியதால்தானா என்று நான் கேட்டேன். அக்கா ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார்: 'வெறுதே மனசை அலட்டாதே. பழைய வளர்ச்சியாக்கும்.' பழையதாகவே இருக்கட்டும். ஒலியை நிறுத்தியது நான்தானே என்று அப்போதும் தோன்றியது.

புனேயிலிருந்து அக்காவின் தம்பி வந்தார், அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வதாக. வாசலில் டாக்சி நின்றது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குட்டன் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் குறுக்கே நின்றான். அக்கா அவனுக்கு எதிரில் நின்றார். அப்போது அவன் உதடு அசைந்தது. இந்த முறை நானும் பார்த்தேன். மேலுதடும் கீழுதடும் சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்தன. ஓசை வரவில்லை.

அக்காவின் வாய் திறந்தது.

"பேசப்படாது" என்றார் தம்பி, பெட்டியைத் தூக்கியபடி.

வாயை மூடிக்கொண்டார். மப்ளரை எடுத்து வைத்துக்கொண்டார். நான் பேசியிருக்கலாம். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். டாக்சி போனது.

குட்டனுக்கு இப்போது ஆறு வயது. பேச்சு வரவில்லை. தெருமுனைப் பள்ளிக்கூடத்தில், பேச வந்ததும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் படத்தை அவன் பிறகு கேட்கவே இல்லை. கரண்டி அடுப்பங்கரையில் தொங்குகிறது. மாமனார் வருகிறபோதெல்லாம் செருப்பைக் கழற்றக் குனிந்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு நிமிர்வார்.

அறுவைக்குப் பிறகு அக்காவின் குரல் திரும்பவில்லை. காற்று மட்டும்தான் வருகிறதாம். ஆனாலும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவார். தம்பி மனைவி போனைப் பிடித்துக்கொள்வார். மப்ளர் இல்லாத கழுத்தை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. போன வாரமும் கூப்பிட்டார். குட்டனை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பிடித்தேன். அவர் குட்டனைப் பார்த்து எதையோ சொல்லத் தொடங்கினார். உதடுகள் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் இடம் விட்டு அசைந்தன. என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"குட்டா, சாப்ட்டியாடா? தோசையா இன்னிக்கு?" என்றேன், அவருடைய தொனியில், என்னால் முடிந்தமட்டும்.

குட்டன் திரும்பி என்னைப் பார்த்தான். தன் கையை எடுத்து என் வாயைப் பொத்தினான். பிறகு போனைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அவர் அங்கே பேசிக்கொண்டே இருந்தார். அவர் பேசி முடிக்கிறவரைக்கும் அவன் கையை எடுக்கவில்லை.